மூன்று நட்டுக்குப் பின்னால்

கேள்வி: டிசைனரை உட்காரவைத்து, மனசில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லச் சொல்லிப் பதிவுசெய்து ஆராய்கிறார்களாமே! வேலை முடிந்ததும் ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டால் சொல்லிவிட்டுப் போகிறார். எதற்கு இந்தப் பாடு?
– டூல் டிசைனர், ஒரகடம்

பதில்: சொல்வார், கோவையாகவே சொல்வார். அந்தக் கோவையைத்தான் நம்ப முடியவில்லை. முடிவு தெரிந்த மனசு, வந்த வழியைச் செப்பனிட்டுவிடுகிறது. முட்டித் திரும்பிய சந்துகள் மறந்துபோகின்றன. உங்கள் ஒரகடத்தில் தயாராகி 2015-ல் வெளிவந்த ரெனால்ட் க்விட் காரைப் பாருங்கள். சக்கரத்துக்கு மூன்றே நட்டு, முன்கண்ணாடிக்கு ஒற்றை வைப்பர். விலையைக் குறைக்கத்தான் என்று யாரும் சொல்லிவிடலாம். நான்காவது நட்டில் கை வைத்தவர் எதற்குத் தயங்கினார், எந்தக் கணக்குக்குப் பின் துணிந்தார்? வரைபடத்தில் மூன்று துளைகள் இருக்கின்றன, தயக்கம் இல்லை. அடுத்த மாடலைத் தொடங்கும் இளைஞருக்கு வேண்டியதோ அந்தத் தயக்கம்.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1994-ல் கூடிய ஆய்வரங்குக்காக, சைக்கிளில் முதுகுப்பையை ஏற்றிச்செல்ல ஒரு கேரியர் வடிவமைக்கச் சொல்லி வீடியோ எடுத்தார்கள். ஒருவர் தனியாக, வாய்விட்டு யோசித்தபடி. இன்னொரு பக்கம் மூவர் குழு. குழுவில், பையின் தொங்கும் வார்களை என்ன செய்வது என்ற பேச்சின் நடுவே ஒருவர் ‘ட்ரே’ என்கிறார்; மற்றவர்கள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். அந்த யோசனை, தொங்கிய வாரிலிருந்து பிறந்தது. டீக்கடையில் கேட்டிருந்தால் ட்ரே மட்டும் கிடைத்திருக்கும்.

பேசச் சொன்னால் யோசனையே திரிந்துவிடாதா? நியாயமான கேள்வி. மனசில் சொல்லாக ஓடுவதை அப்படியே உரக்கச் சொன்னால் வேகம் குறையலாம், போக்கு மாறாது என்று உளவியல் ஆய்வாளர்களான எரிக்சனும் ஹெர்பர்ட் சைமனும் வாதிட்டார்கள். காரணம் கேட்டுக் குடைந்தால்தான் கெடும். ஆனால் திடீரென விடை பளிச்சிடும் வகைப் புதிர்களில் பேச்சு இடைஞ்சலாகிறது என்று 1993-ல் உளவியலாளர் ஸ்கூலரும் குழுவினரும் செய்த சோதனைகள் காட்டின. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதனால் குரலோடு கை வரைவதையும் படமெடுக்க வேண்டும். வாய் மூடிய இடங்களையும் குறிக்க வேண்டும்.

இன்னொன்று, மொழி. ‘கிளாம்ப் இங்க வச்சா வெல்டிங் கன் இடிக்குமே’ என்று ஓடும் எண்ணத்தை அதே தமிழில் பதிவுசெய்ய வேண்டும். ரிப்போர்ட்டில் அது ‘கிளாம்ப் பொசிஷன் சேஞ்ச்டு’ ஆகிவிடுகிறது. எது எங்கே இடிக்கும் என்று தெரியாமல், அடுத்து வருபவர் கிளாம்பைப் பழைய இடத்துக்கே கொண்டுபோவார்.