வீட்டுக்காரர் வெளியே இருக்கவும்

வீட்டை விற்பது சுலபமான வேலை, வீட்டுக்காரன் மட்டும் வீட்டில் இல்லாவிட்டால். இது என் கண்டுபிடிப்பு இல்லை. எங்கள் வீட்டை விற்றுத்தர வந்த ஏஜென்ட் தம்பியின் தீர்ப்பு. அதையும் எவ்வளவு மரியாதையாகச் சொன்னான் தெரியுமா? காலணியை வாசலில் கழற்றினான். "வணக்கம் அங்கிள், வணக்கம் ஆன்ட்டி" என்றான். கொடுத்த கோப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தான். காலிக் கோப்பையைத் தானே அடுப்படியில் கொண்டுபோய் வைத்தான். அப்புறம்தான், "ஆளுங்க வந்து பார்க்கிற நேரத்துல நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய இருந்தா நல்லா இருக்கும்" என்றான்.

"ஏன் தம்பி, இவர் மட்டும் போனா போதாதா?" என்று கேட்டாள் மனைவி.

தம்பி என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தான். "போதும் ஆன்ட்டி" என்றான்.

எங்கள் ஊர் செர்டாங், கெடாவின் தெற்கு முனையில், பண்டார் பாரு மாவட்டத்தில் இருக்கிறது. சுற்றிலும் செம்பனை, அங்கங்கே மிச்சமிருக்கும் பால்மரம், ஒட்டுப்பால் லாரி போனால் மூக்கைப் பொத்திக்கொள்ளும் கடைத்தெரு. நான் பள்ளிக்கூடத்துக் கிராணி. அரசாங்கக் கடன் போட்டு வாங்கிய தாமான் வீடு. கடன் தீர்வதற்குள் என் தலைமுடி தீர்ந்துவிட்டது. மகள் கூலிம் ஹைடெக் பார்க்கில் வேலை செய்கிறாள். 1996-இல் திறந்த அந்தத் தொழிற்பேட்டை இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேரை இழுத்துக்கொண்டது. இப்போது பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள எங்களையும் இழுக்கிறது. வீட்டை விற்றுவிட்டு வாங்க என்றாள் மகள். சரி என்றாள் மனைவி. நான் என்ன சொன்னேன் என்று யாரும் குறித்துவைக்கவில்லை.

தம்பிக்கு முன்னால் ஒரு கோப்பிக்கடைப் புரோக்கர் இருந்தார். முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவது அவர் பரம்பரையிலேயே கிடையாது. ராத்திரி எட்டரைக்கு, தொலைக்காட்சியில் மாமியார் அழுதுகொண்டிருக்கும் முக்கியமான கட்டத்தில், கேட்டைப் பிடித்து ஆட்டுவார். கைலியோடு நான், தலை நிறைய எண்ணெயோடு மனைவி, எங்கள் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு இது சாமானோடு சேர்த்தா, தனியா என்று கேட்கும் முன்பின் தெரியாத குடும்பம். அவர்கள் போன மறுநிமிடமே மனைவி கைப்பேசியில் சட்டம் படிக்க ஆரம்பித்துவிட்டாள்.

படித்ததை எனக்கும் சொன்னாள். 1981-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறதாம். பதிவு பெறாதவர் வீடு விற்றுத் தருகிறேன் என்று தொழில் நடத்துவது குற்றம். பதிவு பெற்ற ஏஜென்டின் கீழ் வேலை செய்கிற பிள்ளைகள் படமும் எண்ணும் போட்ட அட்டையைக் கழுத்தில் மாட்டியிருக்க வேண்டும். அந்த எண்ணை, அவர்களைப் பதிவு செய்யும் வாரியத்தின் இணையத்தளத்தில் தட்டிப் பார்த்தால் ஆள் நிஜமா பொய்யா என்று தெரிந்துவிடும். தம்பி வந்த அன்று மனைவி அப்படித் தட்டிப் பார்த்த பிறகுதான் கோப்பிக்குச் சர்க்கரையே போட்டாள். சட்டப்படி அவன் கேட்கக்கூடிய கமிஷன் அதிகபட்சம் 3 விழுக்காடு. எங்கள் விலை 220,000 வெள்ளி. அதாவது என் வீட்டிலிருந்து என்னை வெளியே அனுப்ப நானே கொடுக்கப்போகும் கூலி 6,600 வெள்ளி.

வெளியே போவதற்கு முன் வீட்டை ஒழுங்குபடுத்த வேண்டும். காலையில் சம்பல் கூடாது, நெத்திலி பொரிக்கக் கூடாது. ஹாலில் மாலை போட்டு மாட்டியிருக்கும் என் அப்பாவின் படத்தைக் கொஞ்ச நாளைக்கு எடுத்துவைக்கச் சொன்னான். "ஏன் தம்பி?" என்றேன். "வர்றவங்க அந்த இடத்துல அவங்க அப்பாவ நினைச்சுப் பார்க்கணும் அங்கிள்." அப்பாவை இறக்கி அலமாரிக்குள் வைத்தேன். ஹாலில் இருந்த மற்ற சாமான்களும் அவர் பின்னாலேயே போயின.

ஆரம்பத்தில் நான் வெளியே போகவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். நம் வீட்டுக்கு ஒருவர் வருகிறார், நாம் ஓடி ஒளிந்துகொள்வதா? வாசலில் நின்று வரவேற்றேன். பசியாறியாச்சா என்று கேட்டேன். எந்த ஊர், எந்தத் தோட்டம், யார் பிள்ளை என்று விசாரித்ததில், வந்தவரின் பெரியப்பாவும் என் சித்தப்பாவும் மாஹாங் பக்கம் ஒரே தோட்டத்தில் பால்மரம் வெட்டியது தெரியவந்தது. அப்புறம் எங்கே வீட்டைப் பார்ப்பது? ஊர்க் கதை, கல்யாணக் கதை, யார் யார் போய்ச் சேர்ந்தார்கள் என்ற பட்டியல் எல்லாம் முடிந்து, இரண்டு சுற்று வடை தீர்ந்து, "வரேண்ணே" என்று அவர் கிளம்பியபோது தம்பி மெல்லக் கேட்டான்: "அங்கிள், அவர் ரூமைப் பார்த்தாரா?" பார்க்கவில்லைதான். ஆனால் அவர் மகன் கல்யாணத்துக்கு எங்களுக்குப் பத்திரிகை வந்தது.

இன்னொரு அம்மா வீட்டைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். குளிர்பெட்டியைத் திறந்தார், மீன் குழம்பை மூடி தூக்கிப் பார்த்தார். படுக்கையறை அலமாரியில் கை வைக்கும்போது நான் "வேண்டாம்மா" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் அலமாரியைத் திறந்துவிட்டார். என் பனியன்கள், பழைய தீபாவளி பிஸ்கட் டின்கள், ஓர் உடைந்த மின்விசிறி எல்லாம் வரிசையாகக் கீழே இறங்கின. கடைசியில் அப்பா. அந்த அம்மா பதறிப்போய் அப்பாவைக் கும்பிட்டார். எனக்கென்னவோ அப்பாவின் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கூடியிருப்பதுபோல் பட்டது.

சிரிக்கத்தான் செய்வார். அவர் லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவர். அந்த வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் கதவைத் தட்டியதே இல்லையாம். 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த அந்தத் துண்டாடலை ஆராய்ந்து பேராசிரியர் உங்கு அஸிஸ் பெரிய அறிக்கையே எழுதினார். வாங்குகிறவர் மரத்தை எண்ணுவார், நிலத்தை அளப்பார். லயத்தில் குடியிருப்பவர்களும் ஒரு கணக்கு என்று யாருக்கும் தோன்றாது. வேலையும் போய் வீடும் போய் நின்றவர்கள் ஆயிரக்கணக்கானோர். அதைப் பார்த்துத்தான் 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் போட்ட காசில் சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சீடிம். அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார். அவர் மகனான நான், ஒரு அம்மா பிஸ்கட் டின்னைப் பார்த்துவிட்டார் என்று ராத்திரி தூங்காமல் கிடந்தேன்.

கிழமை இன்னொரு தொல்லை. கெடாவில் எங்களுக்கு விடுமுறை வெள்ளியும் சனியும். எல்லையைத் தாண்டினால் பினாங்கிலும் பேராவிலும் சனி, ஞாயிறு. ஜொகூர்கூட 2025-இல் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது, நாங்கள் மாறவில்லை. ஆகவே பினாங்குக்காரர்கள் எல்லாரும் சாவகாசமாக ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருவார்கள். அன்றைக்கு எங்கள் பள்ளிக்கூடத்தில் வாரத்தின் முதல் நாள். தலைமையாசிரியரிடம் அரைநாள் விடுப்புக் கேட்டேன். "என்ன விஷயம்?" என்றார். "வீட்டைவிட்டு வெளியே போகணும் சார்" என்றேன். நீங்க ஏற்கெனவே வெளியேதானே இருக்கீங்க என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டு எண்ணைக் கேட்டாலே போய்விடுகிறவர்களும் உண்டு. எங்களுடையது 14. சீனர்களுக்கு 4 ஆகாது. அதற்காகவே எத்தனையோ தாமான்களில் அந்த எண்ணை 3ஏ என்று மாற்றி எழுதுகிறார்கள். ஒரு சீனக் குடும்பம் வந்த வேகத்தில், காடியின் கண்ணாடியைக்கூட இறக்காமல், எண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. தம்பி எனக்காக வருத்தப்பட்டான். நான் அவர்களுக்காக வாங்கிவைத்த கேக்குக்காக வருத்தப்பட்டேன். கோலாலம்பூரிலிருந்து கூப்பிட்ட ஒருவர், புத்ரா பல்கலைக்கழகம் அங்கிருந்து எவ்வளவு தூரம் என்று ஆசையாகக் கேட்டார். அவர் நினைத்தது சிலாங்கூர் செர்டாங். "ஏறத்தாழ 300 கிலோமீட்டர் சார்" என்றேன். விலை ஏன் மலிவாக இருக்கிறது என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

அமெரிக்காவில் இருக்கும் மைத்துனரிடம் மனைவி இதையெல்லாம் சொல்லியிருக்கிறாள். அங்கே சாவியைப் பெட்டியில் போட்டு வாசல் கதவிலேயே பூட்டித் தொங்கவிட்டு வீட்டுக்காரர் போய்விடுவாராம். ஏஜென்டே திறந்து காட்டி, விளக்கை அணைத்து, பூட்டிவிட்டுப் போவாராம். 2024 ஆகஸ்டிலிருந்து வாங்குகிறவரும் தன் ஏஜென்டோடு எழுத்து ஒப்பந்தம் போட்டுக்கொண்ட பிறகுதான் வீட்டுக்குள் காலெடுத்து வைக்க முடியுமாம். "பார்த்தீங்களா, அங்க வீட்டுக்காரங்க வாயே திறக்கிறதில்ல" என்றாள் மனைவி. இங்கேயும் வீட்டில் நான் வாய் திறந்து ரொம்ப காலமாகிறது என்பதை நான் சொல்லவில்லை.

கடைசியில் போனேன். நான் வெளியே போனது தெரு முனைவரைக்கும்தான். மரநிழலில் காடியை நிறுத்தி, இருக்கையைச் சாய்த்து, யாருக்கும் தெரியாமல் படுத்திருந்தேன். நிபோங் திபாலிலிருந்து வந்த ஒரு நல்ல மனிதர், நம் ஆள்தான், வீட்டைப் பார்த்துவிட்டுத் தாமானையும் பார்க்கலாம் என்று நடந்து வந்திருக்கிறார். கண்ணாடியைத் தட்டினார்.

"அண்ணே, இந்தப் பக்கம் வெள்ளம் வருமா?"

கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையா? "கிரியான் ஆறு பெருகினாலும் வீட்டுக்குள்ள வராதுப்பா. ஆனா லோங்காங் அடைச்சுக்கிட்டா வாசல்வரைக்கும் வரும்" என்றேன்.

"அந்த 14-ஆம் நம்பர் வீட்டுக்காரரு எப்படி?"

"தங்கமான மனுஷன். ஆனா அடுப்படிக் கூரை ஒழுகுதுன்னு அந்தம்மா எத்தனை வருஷமா சொல்றாங்க, காதுலயே வாங்க மாட்டாரு. பைப்பும் அப்படித்தான்."

அவர் ரொம்ப நன்றி சொல்லிவிட்டுப் போனார். போனவர் போனவர்தான்.

தம்பிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. சத்தம் போடவில்லை, அவன் அப்படிப்பட்ட பிள்ளை இல்லை. காலணியைக் கழற்றினான், வணக்கம் சொன்னான், கோப்பியைக் குடித்தான், கோப்பையைக் கொண்டுபோய் வைத்தான். "அங்கிள், அடுத்த தடவை அப்படியே பாரிட் புந்தார்வரைக்கும் போயிட்டு வாங்களேன். மீ நல்லா இருக்கும்" என்றான். பாரிட் புந்தார் ஆற்றுக்கு அந்தப் பக்கம், பேரா. வீட்டைவிட்டு வெளியே இருக்கச் சொன்னவன் இப்போது மாநிலத்தைவிட்டே வெளியே இருக்கச் சொல்கிறான்.

வீடு இன்னும் விற்கவில்லை. விலையைக் கொஞ்சம் பேசலாம் என்று மனைவி அனுமதி கொடுத்திருக்கிறாள். வெள்ளியோ சனியோ வாருங்கள், தம்பியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், தயவுசெய்து அலமாரியைத் திறக்காதீர்கள். கூரையைப் பற்றி என்னிடம் கேட்க வேண்டாம். நான் பேராவில் இருப்பேன்.