பதில் அனுப்ப வேண்டாம்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைத் துறைத் தலைவர், ஏதேனும் ஒரு வங்கி, தலைமை அலுவலகம்.
பொருள்: வங்கி பேசும் முறையும் கேட்கும் முறையும் – விளக்கக் குறிப்பு – தொடர்பாக.
பார்வை: வங்கியின் மின்னஞ்சல், அனுப்பியவர் பெயர் இல்லை.

வங்கியின் தகவல் தொடர்பு இரு வகைப்படும். தலைமை அலுவலகத்துக்கும் கிளைகளுக்கும் இடையே நடப்பது ஒன்று. வங்கிக்கும் அதில் பணம் போட்டவருக்கும் இடையே நடப்பது மற்றொன்று. இரண்டுக்கும் இலக்கணம் ஒன்றே. மேலே இருப்பவர் சொல்வார். கீழே இருப்பவர் புரிந்துகொண்டதாகக் கருதப்படுவார். இந்த ஏற்பாடு எவ்வளவு நேர்த்தியாக நடக்கிறது என்பது தலைமை அலுவலகத்துக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தெரியவேண்டுமென்றால் கீழேயிருந்து யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

உள்தொடர்பின் அடிப்படை சுற்றறிக்கை. அது தலைமை அலுவலகத்தில் பிறந்து, மண்டல அலுவலகத்தில் ஒரு முகப்புக் கடிதமும் வட்டார அலுவலகத்தில் ‘உடனடி நடவடிக்கைக்கு’ என்ற வரியும் பெற்றுக் கிளைக்கு வந்து சேரும். அதன் முதல் பத்தி, இதே பொருளில் முன்பு வந்த சுற்றறிக்கைகளின் எண்களைத் தரும். அவற்றைத் தேடிப் படித்தவருக்கே இரண்டாம் பத்தி விளங்கும். தேடிப் படிக்க வேண்டியவரோ கவுன்டரில் டோக்கன் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். எனவே கிளையில் உண்மையில் படிக்கப்படுவது வாட்ஸ்அப் குழுதான். இன்று எத்தனை பாலிசி, எத்தனை கிரெடிட் கார்டு என்ற கேள்வி சாயங்காலம் அதில் வந்து விழும். பதிலுக்குக் கட்டைவிரல் படம் போகும். கிளையிலிருந்து மேலிடத்துக்குப் போகும் கருத்தில் பெரும்பங்கு இந்தக் கட்டைவிரலே. படித்தவர்கள் வைக்கும் கைநாட்டு என்று இதைச் சொல்லலாம்.

உள்ளே அடைத்துக்கொண்டது வெளியே எப்படித் தெரியும் என்பதற்குக் கேஒய்சி புதுப்பித்தல் நல்ல சான்று. ரிசர்வ் வங்கி விதிப்படி, ஆபத்து குறைந்தவர் என்று வகைப்படுத்தப்பட்ட வாடிக்கையாளர் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். விவரம் எதுவும் மாறவில்லை என்றால் சுய உறுதிமொழி ஒன்றே போதும். அதையும் பதிவுசெய்த கைபேசி, மின்னஞ்சல், ஏடிஎம், கடிதம் எனப் பல வழிகளில் தரலாம். 2025 ஜூனில் வந்த திருத்தமோ, கெடுவுக்கு முன் குறைந்தது மூன்று முறை தெரிவிக்க வேண்டும், அதில் ஒன்றாவது கடிதமாக இருக்க வேண்டும் என்கிறது. இவ்வளவும் தலைமை அலுவலகத்துக்குத் தெரியும். கவுன்டருக்கு வந்து சேர்ந்திருப்பது வேறு.

“சார், கேஒய்சி முடிஞ்சுபோச்சுன்னு மெசேஜ் வந்துச்சு.”

“ஆதார், பான் ஜெராக்ஸ், ரெண்டு போட்டோ கொண்டாந்திருக்கீங்களா?”

“அட்ரஸ் ஒண்ணும் மாறலீங்களே.”

“மாறலைன்னாலும் வேணுங்கய்யா. சிஸ்டம் கேக்குது.”

வங்கி ஊழியர்களிலேயே அதிகாரம் மிக்கவர் இந்தச் சிஸ்டம். எதையும் கேட்பார், யார் கேட்டாலும் சொல்லமாட்டார். இடமாற்றம் கிடையாது. மதியத்துக்கு முன் படுத்துக்கொள்வது மட்டும் உண்டு.

இனி மொழி. படிவம், செலான், பாஸ்புக் முதலியவை ஆங்கிலம், இந்தி, வட்டார மொழி என மும்மொழியில் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வெகுகாலமாகச் சொல்லிவருகிறது; 2015 ஜூலை மாத முதன்மைச் சுற்றறிக்கையிலும் அது உண்டு. குறுஞ்செய்தி ஆங்கிலத்திலேயே வருவதற்கு வங்கியிடம் ஒரு கணக்கு இருக்கிறது. ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்தி 160 எழுத்து கொள்ளும். தமிழ் யூனிகோடில் 70 மட்டுமே. புள்ளி, துணைக்கால், கொம்பு எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். ‘அன்பார்ந்த வாடிக்கையாளரே’ என்று விளித்தாலே இடைவெளியோடு சேர்த்து 24 தீர்ந்துவிடும். அன்புக்கே மூன்றில் ஒரு பங்கு போனபின், எஞ்சிய 46-ல் கணக்கு எண்ணும் தொகையும் காரணமும் அடங்குவது கடினம். செய்தி இரண்டாக, மூன்றாகப் பிரியும். ஒவ்வொன்றுக்கும் வங்கி காசு தர வேண்டும். குறுஞ்செய்திக் கட்டணம் என்று வாடிக்கையாளரிடம் பிடிப்பது இந்தக் கணக்கில் சேராது.

பாஸ்புக்கில் புரியாத பதிவுகளைத் தவிர்த்து, சுருக்கமாகவும் விளங்கும்படியும் விவரம் தர வேண்டும் என்பதும் அதே 2015 சுற்றறிக்கையில் உள்ளது. வங்கி அதில் சுருக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. ஆண்டுதோறும் மே மாதக் கடைசிவாக்கில் ‘பிஎம்ஜேஜேபிஒய்’ என்று ஒரு வரி அச்சாகி, எதிரே 436 ரூபாய் கழிந்திருக்கும். ‘பிஎம்எஸ்பிஒய்’ என்று இன்னொரு வரி. எதிரே 20 ரூபாய். முன்னது ஆயுள் காப்பீடு, பின்னது விபத்துக் காப்பீடு. இறப்புக்கு இரண்டிலும் தலா 2 லட்சம் ரூபாய் உண்டு. ஆனால் பணம் தானாக வராது. நியமனதாரர் போய்க் கேட்க வேண்டும். ஊரக வேலைத் திட்டக் கூலி வரும் கணக்கில் அந்த எழுத்துகளைப் பார்த்த குடும்பம், வங்கி ஏதோ பிடித்தம் போட்டிருக்கிறது என்று விட்டுவிடும். கேட்டால் “அது கவர்மென்ட் ஸ்கீமும்மா” என்று விளக்கம் கிடைக்கும். வீட்டில் ஒருவர் இறந்தபின் அந்த ஒரு வரியின் பொருள் தெரியாததாலேயே 2 லட்சம் கேட்பாரற்றுப் போகலாம். இந்தக் கடிதத்தில் சிரிப்புக்கு இடமில்லாத இடம் இதுதான்.

மோசடி பற்றி எச்சரிப்பதில் வங்கி குறைவைப்பதில்லை. எந்த லிங்கையும் தொடாதீர்கள் என்று இன்று ஒரு செய்தி வரும். முன் அனுமதிக்கப்பட்ட கடனுக்கு இந்த லிங்கைத் தொடுங்கள் என்று நாளை ஒன்று வரும். கணக்கு முடக்கப்படும் என்று வங்கியும் எழுதுகிறது, திருடனும் எழுதுகிறான். நடையை வைத்து இருவரையும் பிரிக்க முடியாது. எழுத்துப் பிழை குறைவாக இருந்தால் திருடன் என்று கொள்ளும் வழக்கமும் உண்டு. அசல் அழைப்பைக் கண்டுகொள்ள 1600 எனத் தொடங்கும் எண்களும், அசல் தளத்தைக் கண்டுகொள்ள ‘பேங்க் டாட் இன்’ என முடியும் முகவரிகளும் வந்திருக்கின்றன. அதைப் பாமரருக்குச் சொல்லும் வேலை இன்னும் சுற்றறிக்கை நிலையிலேயே இருக்கிறது.

மோசடியில் பணம் போனால் நேரத்துக்குப் பெரிய மதிப்பு உண்டு. 2017 ஜூலை 6-ஆம் தேதி ரிசர்வ் வங்கி இட்ட உத்தரவுப்படி, தவறு வங்கியிடமும் இல்லாமல் வாடிக்கையாளரிடமும் இல்லாமல் பணம் போனால், தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவிப்பவருக்கு இழப்பு ஏதுமில்லை என்றானது. அதற்காகவே, வங்கி அனுப்பும் குறுஞ்செய்திக்கும் மின்னஞ்சலுக்கும் அப்படியே மறுமொழி அனுப்பி ஆட்சேபம் சொல்ல வழிசெய்ய வேண்டும், முகவரி தேடி வாடிக்கையாளரை அலையவிடக் கூடாது என்று அந்த உத்தரவு கூறியது. வங்கியின் மின்னஞ்சலில் கடைசி வரி: ‘இது தானியங்கி அஞ்சல், பதில் அனுப்ப வேண்டாம்.’ தொலைபேசியில் கூப்பிட்டால் தமிழுக்கு ஓர் எண், கணக்குக்கு ஓர் எண், கார்டுக்கு ஓர் எண் என்று அழுத்தி, தங்கள் அழைப்பு மிக முக்கியமானது என்ற உறுதியைப் பலமுறை கேட்கலாம்.

முறையிடுவது கடைசிக் கட்டம். பெரிய வங்கிகளில் உள் குறைதீர்ப்பாளர் என்று ஒருவர் இருக்கிறார். வங்கி ஒரு புகாரை முழுதாகவோ பகுதியாகவோ நிராகரிக்க நினைத்தால், முடிவைச் சொல்லுமுன் அவரிடம் அனுப்ப வேண்டும். புகார் செய்தவர் அவரை நேரடியாக அணுக இயலாது. குறையுள்ளவர் கண்ணில் படாத குறைதீர்ப்பாளர் என்ற இந்த ஏற்பாட்டை உருவாக்கியது ரிசர்வ் வங்கி என்பதால், இந்த ஒரு பெருமை மட்டும் வங்கியைச் சேராது.

30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டப்படி இதற்குக் கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. இணையத்திலும் போடலாம், சண்டிகரிலுள்ள மையத்துக்குத் தபாலிலும் அனுப்பலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். புகாரின் நகல் குறைதீர்ப்பாளரிடமிருந்து வங்கிக்குப் போனதும், 15 நாளில் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும். வட்டார அலுவலகம் கிளை மேலாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டு என்ன நடந்தது என்று கேட்பது அப்போதுதான். வங்கியின் விளக்கம் ஆவணங்களோடு போகும்; அதன் அடியில் பொறுப்பு அதிகாரி ஒருவரின் பெயரும் கையொப்பமும் இருக்கும்.