வெனிஸ் காலத்து வீட்டுக்காரர்

சாவி அவர் கையில்தான் இருக்கிறது. ஆள்காட்டி விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டே பேசுகிறார். நாமோ இரண்டு விமானம் மாறி, கல் பாவிய சந்துகளில் பெட்டியைத் தடதடவென்று இழுத்து, 74 படி ஏறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறோம். ஆனால் தல புராணம் முடியாமல் சாவி கைமாறாது. 1386-இல் வெனிஸ்காரன் கோர்ஃபு தீவுக்கு வந்தான். 1797 வரை இருந்தான். மொத்தம் 411 வருடம். அதில் ஒரு வருடத்தைக்கூட நமக்காகத் தள்ளுபடி செய்யும் உத்தேசம் அவருக்கு இல்லை.

கிரேக்கத் தீவுகளில் பழைய நகரத்தின் நடுவே ‘லக்சரி அபார்ட்மெண்ட்’ வாடகைக்கு விடுபவர் இவர். வெள்ளை லினன் சட்டை, சாக்ஸ் போடாத ஷூ, கண்ணுக்குப் போடாமல் நெற்றிக்கு மேல் ஏற்றி வைத்த கறுப்புக் கண்ணாடி. பெயர் வேண்டுமானால் ஸ்பிரோஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். தீவின் காவல் தெய்வம் புனித ஸ்பிரிதோன். அவர் பெயரை அங்கே வாரி வழங்கியிருக்கிறார்கள், சந்தில் நின்று “ஸ்பிரோஸ்!” என்று கூப்பிட்டால் நாலு ஜன்னல் திறக்கும். ஆகையால் நான் யாரையும் காட்டிக் கொடுத்ததாக ஆகாது.

ஸ்பிரோஸின் அகராதியில் ‘குறை’ என்ற சொல்லே கிடையாது. அந்த இடத்தில் ‘வெனிஸ் காலத்தது’ என்று அச்சாகியிருக்கிறது.

“லிஃப்ட் இல்லையா?” என்று என் மனைவி மெல்லக் கேட்டாள்.

“வெனிஸ் காலத்துக் கட்டடம், மேடம்!”

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. மதிலுக்குள் அடைபட்ட ஊர். அகலத்துக்கு இடமில்லாததால் வீடுகள் உயரத்துக்குப் போய்விட்டன. ஐந்து மாடி, ஆறு மாடி என்று கட்டித் தள்ளியிருக்கிறார்கள். லிஃப்ட் வரும்வரை பொறுத்திருக்கலாம். அவசரக்காரர்கள்.

உள்ளே நுழைந்ததும் மர உத்தரத்தில் என் தலை ‘டொக்’ என்று மோதியது. ஸ்பிரோஸ் பதறிப்போய் ஓடி வந்து தடவிக் கொடுத்தார், உத்தரத்தை. “வெனிஸ் காலத்து மரம்!” என்றார். நான் 1970களில் பிறந்தவன். எனக்கு அந்த மரியாதை கிடைக்க இன்னும் நாளாகும்.

படுக்கையறைச் சுவரில் ஒரு பெரிய ஈரத் திட்டு. விளம்பரப் புகைப்படத்தில் அந்த இடத்தில் ஒரு பூஜாடி இருந்தது ஞாபகம் வந்தது. விரலால் காட்டினேன்.

“அது மூச்சு விடுகிற சுவர். வெனிஸ்காரர்களுக்கு அந்த ரகசியம் தெரியும்.”

அன்றிரவு சுவர் நன்றாகவே மூச்சு விட்டது. காலையில் என் சட்டையில் மழைக்காலத்துக் கோணிப்பை வாசனை.

கடல் தெரியும் என்று போட்டிருந்ததே? தெரிந்தது. குளியலறையில் முக்காலி மேல் ஏறி, இரண்டு புகைபோக்கிகளுக்கு நடுவே கழுத்தை நீட்டினால், நீலமாக ஒரு கோடு. “இந்த வழியாகத்தான் வெனிஸ் கப்பல்கள் வந்தன” என்றார். ஒரு நேரத்துக்கு ஒரு கப்பல்தான் வந்திருக்க முடியும்.

கழிப்பறைக் காகிதத்தைக் கோப்பைக்குள் போடக்கூடாது, பக்கத்துக் கூடையில் போட வேண்டும் என்பது கிரீஸில் பல இடங்களில் உள்ள வழக்கம். கழிவுக் குழாய்கள் ஒடுங்கியவை. அதைச் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே? “இங்கே எல்லாமே வெனிஸ்…” என்று தொடங்கினார். வெனிஸ்காரன் காகிதத்தை எங்கே போட்டான் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். சாவி அவர் கையில் இருந்தது.

வெனிஸுக்குப் பிறகு அந்தத் தீவை ஆண்டவர்கள் பலர். ஊரே வந்து காப்பி குடிக்கும் லிஸ்டன் வளைவு மாடங்கள் பிரெஞ்சுக்காரன் கட்டியவை. 1815 முதல் 1864 வரை பிரிட்டிஷ்காரன். இவர்களெல்லாம் ஸ்பிரோஸுக்கு நடுவில் வந்து போன குடித்தனக்காரர்கள். ஆளுக்கு ஒரு வரிக்கு மேல் கிடையாது. நாங்கள் இந்தியர்கள் என்று தெரிந்த பிறகுதான் பிரிட்டிஷ்காரனுக்கு இன்னும் இரண்டு வரி கிடைத்தது.

“கிரிக்கெட்!” என்று கத்தினார். கோட்டைக்கு எதிரே உள்ள ஸ்பியனாதா மைதானத்தில் 1823 முதல் கிரிக்கெட் ஆடுகிறார்களாம். சிப்பாய்கள் போனார்கள், மட்டை நின்றுவிட்டது. ஒரே ஆளிடம் அடிபட்ட இரண்டு பேர் சந்தித்துக்கொண்டதுபோல என் தோளில் கை போட்டார். சொல்லவா வேண்டும், அந்த நிமிடம் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. என் பெட்டியை 74 படியும் தூக்கி வந்ததே அவர்தான். அறுபது வயதிருக்கும்.

சாவி என்னை நோக்கி நகர்ந்தது. பாதி வழியில் நின்றது. காப்பி மெஷின் ஞாபகம் வந்துவிட்டதாம்.

“இதை மட்டும் ஜாக்கிரதையாக. புதுசு.”

வீட்டிலேயே ஒழுங்காக வேலை செய்யக்கூடிய ஒரே பொருள். அதைத் தொடக்கூடாது.

கடைசியில், முக்கால் மணி நேரம் கழித்து, சாவியும் வந்தது. கூடவே இரவுக்கு 8 யூரோ அரசாங்க வரி ரொக்கமாக வேண்டும் என்ற செய்தியும் வந்தது. அந்த ஒரு விஷயத்தில் வெனிஸ் பேச்சே எழவில்லை.

மூன்றாம் நாள் குட்டு உடைந்தது. சந்துக்கு அங்கே ‘கந்தூனி’ என்று பெயர். எதிர்வீட்டில் வெங்காயம் நறுக்கினால் நமக்குக் கண் கரிக்கும் அகலம். எதிர்வீட்டுப் பாட்டியம்மா கயிற்றில் கூடையை இறக்கி ரொட்டி வாங்குகிறவர். நான் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதை ஜன்னல் வழியே கவனித்துவிட்டு, பேத்தியை மொழிபெயர்க்க வைத்துக்கொண்டு பேசினார்.

“வெனிஸ் என்றா சொன்னான்? 1943 செப்டம்பரில் ஜெர்மன்காரன் குண்டு போட்டு இந்தப் பக்கமெல்லாம் எரிந்துபோச்சு. நாடகக் கொட்டகை போச்சு, நூலகம் போச்சு. அந்தச் சுவர் அதற்கப்புறம் சிமெண்டில் கட்டினது. கட்டினது எங்கப்பா.”

சிரிப்பு வரவில்லை. 411 வருடத்தைப் பிசகாமல் ஒப்பித்தவர் அந்த ஒரு மாதத்தை மட்டும் எப்படித் தாண்டிப் போனார்? எரிந்த கதையைச் சொன்னால் வாடகை குறையும் போலிருக்கிறது.

செய்தி அனுப்பிக் கேட்டேன். உடனே பதில்: “உண்மை. ஆனால் உள்ளே இருக்கும் கல் வெனிஸ் காலத்தது.”

சரி, நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். ஊருக்கு வெளியே, புது பிளாட். லிஃப்ட் உண்டு, கார் நிறுத்த இடம் உண்டு. சுவர்? அது மூச்சு விடுவதில்லையாம்.

இதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். 2007-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த நகரம் அது. பழசாகத்தான் இருக்கும், இருக்கட்டும். படி ஏறுகிறேன், குனிந்து நடக்கிறேன். ஆனால் ஐயா, ஈரம் ஈரம்தான். பக்கத்தில் ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டுப் பூசினால் எந்தச் சாம்ராஜ்யமும் சரியாது. எங்கள் சந்தில் ஏழு கதவுகள். ஐந்தில் எண் அமுக்கித் திறக்கும் சாவிப் பெட்டி தொங்குகிறது. சுவர் ஒழுகுகிறது என்று எட்டிப் பார்த்துச் சண்டை போட அங்கே ஆளே இல்லை. வருகிறவன் நாலு நாளில் போய்விடுவான். மிச்சமிருப்பது அந்தப் பாட்டியும் கூடையும்தான்.

கிளம்பும் நாள் காலை சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். அதற்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த விருந்தாளிகள் வாசலில் வந்து நின்றார்கள்; ஆறடிக்கு மேல் உயரமான கணவன், அவன் மனைவி, மூன்று பெட்டி. ஸ்பிரோஸ் என் கையைக் குலுக்கி, “கிரிக்கெட்!” என்று சொல்லிவிட்டு, பெட்டிகளில் பெரியதைத் தானே தோளில் ஏற்றிக்கொண்டு படியேறினார்.

நாங்கள் சந்து முனைக்குப் போவதற்குள் மேலே, திறந்த ஜன்னல் வழியே, ‘டொக்’ என்று சத்தம் கேட்டது. பின்னாலேயே ஸ்பிரோஸின் குரல், ஆறுதலாக, உத்தரத்தின் வயதைச் சொல்லத் தொடங்கியது.