முனிர்காவில் மாரி மேரியான கதை

எண்பதுகளில் டெல்லி முனிர்காவில் மாரியம்மாள் என்று ஒருத்தரும் கிடையாது. சேலத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் மாரியம்மாள்கள் ரயிலேறி வந்துகொண்டுதான் இருந்தார்கள். டி.டி.ஏ. ஃப்ளாட்டில் பாத்திரம் தேய்க்கப் போன முதல் நாளே வீட்டம்மாக்கள் அவர்களை மேரியாக்கிவிடுவார்கள். சொல்ல வராத நாக்கு என்று நம்ப முடியவில்லை. ஸ்ரீவாஸ்தவாவும் சட்டோபாத்யாயவும் அதே நாக்கில் வழுக்கிக்கொண்டு வரும்.

என் அத்தையும் அப்படி மேரியானவர்தான். "மேரி, மேரி சாபி கஹாம் ஹை?" என்று வீட்டம்மா சாவியைத் தேடும்போது, முதல் மேரி தான், இரண்டாவது இந்தியில் 'என்னுடைய' என்று பிரித்தறிய அத்தைக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. டிசம்பர் 25 அன்று கேட்காமலே லீவு, கூடவே பிளம் கேக். ஆடியில் கூழ் ஊற்ற லீவு கேட்டால் மட்டும், "உங்க ஆளுங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?" என்பார்கள். நெற்றி நிறையக் குங்குமத்தோடு அத்தை கேக்கை வாங்கி வருவார். நாங்களும் தின்றோம். சமயபுரத்தாள் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

டெல்லியைக் குறை சொல்வானேன்? இந்த ஊருக்கு அது பழைய பழக்கம். ஹுமாயூன் கல்லறையில் அடங்கியிருக்கும் அக்பரின் தாய் ஹமீதா பானுவுக்கு 'மரியம் மகானி' என்று பட்டம். ஜஹாங்கீரைப் பெற்ற ராஜபுத்திர இளவரசி 'மரியம்-உஸ்-ஸமானி' ஆனார். எபிரேயத்தில் மிரியாம், அரபியில் மரியம், லத்தீனில் மரியா எனத் திரிந்த பெயர் அது. குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண்ணும் மரியம்தான். 19ஆம் அத்தியாயமே அவர் பெயரில் இருக்கிறது. நம்ம மாரிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. இவள் மழை, அம்மை போட்டால் வீட்டுக்கு வருகிறவள். 1977இல் இந்தியாவில் பெரியம்மை ஒழிந்ததாக அறிவித்த பிறகு பிள்ளைகளுக்கு இவள் பெயரை வைப்பதும் குறைந்துபோனதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பெயர்க் கலப்பில் தமிழர்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? ஆரோக்கிய மேரி வேளாங்கண்ணி, லூர்து மேரி பிரான்ஸ். பாத்திமா மேரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1917இல் மாதா காட்சி தந்ததாகச் சொல்லும் போர்ச்சுகல் ஊரின் பெயர் ஃபாத்திமா. அது அரபுப் பெயர், நபிகளின் மகளுடையதும் அதுவே. அப்படியே தூத்துக்குடிப் பக்கம் ஞானஸ்நானத்தில் ஒரு குழந்தைக்கு வந்து சேர்கிறது. அங்கே யாரும் புருவம் உயர்த்துவதில்லை.

மாரி ஆணுக்கும் உண்டு என்றால்தான் டெல்லிக்காரர்கள் திகைப்பார்கள். 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் சேலத்து மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டித் தங்கம் வென்றபோது, மூலைக்கடைக்காரர் எங்களிடம், "மேரி என்று பையனுக்கா வைப்பீர்கள்?" என்று கேட்டார்.

இப்போது முனிர்காவுக்கு மெட்ரோ வந்துவிட்டது, 2018இல். கிராமத்துச் சந்துகளில் பூர்வீக டோகாஸ் குடும்பங்களின் வீடுகள் மாடிக்கு மேல் மாடியாக ஏறி, எதிர்வீட்டு ஜன்னலுக்குக் கைநீட்டிச் சர்க்கரை வாங்கலாம் என்ற நிலை. அறைக்கு அறை வடகிழக்குப் பிள்ளைகள். எங்களுக்கு மேல்மாடியில் ஒரு மிசோரம் பெண். பெயர் கேட்டதற்கு "மாரி" என்றாள். மிசோ மொழியில் மேரி, மாரிதான். அங்கே பெண் பெயர் 'இ'யில் முடியும், ஆண் பெயர் 'ஆ'வில். அத்தைக்கு இதெல்லாம் வேண்டாம். "உங்க ஊர்லயும் அம்மன் இருக்காளா?" என்று இந்தியில் விசாரித்து, அன்றைக்கே ஒரு கிண்ணம் கூழ் கொடுத்தனுப்பினார். கேக்குக்குக் கணக்கு நேராகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பழைய வீட்டம்மாவுக்குப் பேத்தி பிறந்திருக்கிறது. குடும்பமே செல்போனில் பெயர்ப் பட்டியல்களைப் புரட்டி, லண்டனிலும் டொரண்டோவிலும் நாக்கு தடுக்காத ஒன்றைப் பிடித்தார்கள்: மைரா. சுமார் 400 ஆண்டுகளுக்கு முன் ஃபுல்க் கிரெவில் என்ற ஆங்கிலக் கவிஞர் தன் பாட்டில் வரும் பெண்ணுக்காக உருவாக்கியதாகச் சொல்லப்படும் பெயர். அத்தை வேலையை விட்டு வருஷமாகிறது. ஆனாலும் குழந்தையைப் பார்க்க ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசோடு போனார். தொட்டிலைக் குனிந்து பார்த்து, "மாரி, என் கண்ணு" என்று கொஞ்சினார்.

வீட்டம்மா பொறுமையாகத் திருத்தினார்: "மாரி இல்லை மேரி, மைரா. பெயரைச் சரியாகச் சொல்லிப் பழகணும்."