முழம் போட்டு வீரம் வாங்குவோம்

அமெரிக்கக் கால்பந்தில் கார்னர்பேக்கின் வேலை, எதிரணி ரிசீவரை ஒட்டிக்கொண்டு அவருக்கு வரும் பந்தைத் தடுப்பது. கல்லூரியில் அதைச் செய்து காட்டினால் போதுமா? போதாது. தொழில்முறை அணிகளுக்கு ஆளெடுக்க, வீரர்களை இண்டியானாபொலிஸுக்கு வரவழைத்துக் கையை முழம் போட்டு, விரலைச் சாண் போட்டு, 40 கெஜம் ஓடவிட்டு, நொடியை நூறாகக் கூறு போடுகிறார்கள். இடுப்பு லாகவமாகத் திரும்புகிறதா என்பதும் தனிப்பாடம். பெண் பார்க்கும் படலத்தில்கூட இவ்வளவு சிரத்தை கிடையாது! காது மடலையும் அளந்துவிட்டால் விஞ்ஞானம் பூர்த்தி. ஆட்டத்தைப் பார்த்தால் வீணாகக் குழப்பம்தான்.

2014-இல் அணிகள் இப்படிச் சலித்து, எல்லா ஆட்ட நிலைகளுக்கும் சேர்த்து 256 பேரைப் பொறுக்கின. கார்னர்பேக் மால்கம் பட்லர் அதில் இல்லை. அடுத்த பிப்ரவரியில் சூப்பர் பவுல் இறுதிப் போட்டியின் கடைசி நொடிகளில், கோல் கோட்டருகே பந்தைப் பறித்து நியூ இங்கிலாந்து அணியை ஜெயிக்க வைத்தவர் அவர்தான். குற்றம் அளவு டேப்புடையது அல்ல. அதை மதிக்காமல் ஆடிய பட்லருடையது.