சனி ஞாயிறு சேவகர்

தான்சானியாவின் வடகிழக்கில், கிளிமஞ்சாரோ அடிவாரத்தில் மோஷி என்றொரு ஊர். 5,895 மீட்டர் மலையில் ஏறிவிட்டு ஓடிப்போகிறவர்கள் ஒரு ரகம். சேவை செய்கிறேன் என்று வந்து மாசக்கணக்கில் தங்குகிறவர்கள் இன்னொரு ரகம். நம் கதாநாயகர் இரண்டாம் ரகம். சொந்த ஊர் மான்செஸ்டராக இருக்கலாம், மெல்போர்னாகவும் இருக்கலாம். மீசை அரும்பி, கவலை அரும்பாத வயது. கைக்காசைக் கட்டி, மழலையர் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்திருக்கிறார்.

திங்கள் முதல் வியாழன் வரை அவரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தலை, தோள், முழங்காலைத் தொட்டுக்காட்டிப் பாட்டுச் சொல்லித்தருவார். பிள்ளைகள் அதை முன்பு வந்தவர்களிடமே கரைத்துக் குடித்தாயிற்று. இருந்தாலும் அவர் மனம் நோகக் கூடாதென்று புதுசாய்க் கற்பதுபோல் நடந்துகொள்வார்கள். மிச்ச நேரத்தில் வகுப்பறைச் சுவருக்கு நீலம் பூசுவார். அதற்கடியில் போன மாதத்துத் தொண்டர் பூசிய மஞ்சள் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை மதியம் மணி அடித்ததும் மனிதருக்கு உயிர் வந்துவிடும். 'உள்ளூர் வாழ்க்கை'யைப் பார்க்க வேண்டுமே!

முதல் போணி பழந்துணிச் சந்தை. பணக்கார நாடுகளில் புண்ணியத்துக்குக் கொடுத்த பழைய துணிகள் மூட்டை மூட்டையாகக் கப்பலேறி வந்து இங்கே விலைக்கு விற்கும். 'மிட்டும்பா' என்பார்கள். நம்மவர் அரைமணி நேரம் பேரம் பேசி, தொடங்கிய விலைக்கே ஒரு டீ-சட்டை வாங்குவார். அதன் முதுகில் அவர் ஊருக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளியின் விளையாட்டு விழா அச்சடித்திருக்கும். ஏழைகளுக்குத் தானம் கொடுக்க அவர் சுமந்துவந்த பழஞ்சட்டைகளோ பெட்டியில் இன்னும் பிரிக்காமலே கிடக்கின்றன.

சனிக்கிழமை மலைச்சரிவில் மட்டெருனி கிராமம். பக்கத்து வீட்டுப் பையன் அழைத்துப்போவதாக ஏற்பாடு. ஆங்கிலத்தில் பேச வந்த பையனைத் தடுத்து, சுவாஹிலியில்தான் பேச வேண்டும் என்று நம்மவர் பிடிவாதம் பிடித்தார். பையனும் மூன்று மணிக்கு என்று சொல்லிவிட்டான். நம் தாத்தாக்கள் உதயத்திலிருந்து நாழிகை எண்ணியதுபோல அங்கே மணியை எண்ணுகிறார்கள். நம்முடைய ஏழு அவர்களுக்கு ஒன்று. மூன்று என்றால் காலை ஒன்பது. நம்மவர் முகமெல்லாம் வெயில் களிம்போடு பிற்பகல் மூன்றுக்கு வந்து நின்றார். ஆறு மணி நேரம் காத்திருந்த பையன், "பரவாயில்லை" என்றான். 'ஆப்பிரிக்காவில் நேரத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை' என்று நம்மவர் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார்.

பிறகு டாலா டாலா. பழைய ஜப்பான் வேன்தான். உட்கார இடமில்லாத வண்டியில் மூன்று பேரை உட்கார வைக்கும் வித்தை தெரிந்தவர் அதன் கண்டக்டர். வாழைத்தார் ஒன்று மடியில் ஏறியதும் நம்மவர் முகத்தில் அப்படியொரு பரவசம்! உள்ளூர் வாழ்க்கையே மடியில் வந்து உட்கார்ந்துவிட்டதே. தாருக்குச் சொந்தக்கார அம்மாளுக்கு அது வெறும் வியாபாரச் சுமை, இறங்கும்போது எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

மட்டெருனியில் சாகா இனத்தார் காப்பிக்கொட்டையை வறுத்து, மர உரலில் போட்டுப் பாட்டுப் பாடி இடித்துக் காட்டுவார்கள். வாழைப்பழமும் கேழ்வரகும் புளித்த 'ம்பேகே' என்னும் கள்ளும் சுரைக்குடுவையில் வரும். (கேழ்வரகை இப்படியும் செலவழிக்கலாம் என்று நம் பாட்டிமார் சொல்லித்தராமல் போனார்களே.) இந்தச் சரிவின் காப்பி விவசாயிகள் 1933-லேயே கூட்டுறவு ஒன்றியம் கட்டியவர்கள் என்று வழிகாட்டி சொல்லிக்கொண்டிருந்தார். அது நம்மவர் காதில் ஏறவில்லை. செல்போனைப் பையனிடம் கொடுத்துவிட்டு, உலக்கையைத் தலைக்குமேல் தூக்கி நின்றுகொண்டிருந்தார். கிராமத்தாருக்குச் சுயசார்பு பற்றி வகுப்பெடுக்க ஒரு யோசனையும் அவரிடம் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை செம்கா வெந்நீர் ஊற்று. வெந்நீர் என்பது பெயரில் மட்டும்தான். தண்ணீர் பளிங்குபோல் தெளிவு. காலை விட்டால் குட்டி மீன்கள் வந்து கொறிக்கும். நகரத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து, ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டு, கறி சுட்டுச் சாப்பிட்டு, கயிற்றில் தொங்கித் தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்தார்கள். நம்மவர் முகம் சுருங்கிப்போயிற்று.

"இவ்வளவு உள்ளூர்க்காரர்கள் வருவார்கள் என்று யாரும் சொல்லவில்லையே" என்று சக தொண்டரிடம் குறைபட்டுக்கொண்டார்.

திரும்பும்போது பஜாஜி. நம் ஊர் ஆட்டோதான், கம்பெனிப் பெயரையே வண்டிக்கும் வைத்துவிட்டார்கள். தங்கியிருக்கும் வீட்டில் நுழைந்து சோபாவில் சாய்ந்ததும் நம்மவருக்கு ஞானம் பிறந்தது. வீட்டுக்கார அம்மாளிடம் மனம்விட்டுப் பேசினார்: "எங்கள் ஊரில் எல்லாரும் ஓடிக்கொண்டே இருப்பார்கள், அம்மா. இங்கே யாருக்கும் எதற்கும் அவசரமில்லை. எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்."

விடியுமுன் எழுந்து, சர்ச்சுக்குப் போய்வந்து, பத்துப் பேருக்குச் சமைத்து, பிள்ளைகளின் சீருடைக்குக் கரிப்பெட்டி போட்டு, நம்மவரின் சேறு படிந்த கால்சட்டையையும் துவைத்துக் கொடியில் போட்டிருந்த அந்த அம்மாள் சிரித்துத் தலையாட்டினார். பிறகு, காலைக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளச் சொன்னார். சோபாவுக்கு அடியில் இன்னும் துடைக்கவில்லை.