ஊட்டிக்குக் கடற்கரை வந்த கதை

1911-ஆம் ஆண்டின் மதராஸ் மாகாண சென்சஸ் அறிக்கையைப் புரட்டினால் ஊட்டி மேற்குக் கடற்கரையில் இருக்கும். அச்சுப்பிழை இல்லை. மாகாணத்தை ‘இயற்கைப் பிரிவுகள்’ என்று ஆறாக வகுத்த துரைமார், நீலகிரியை மலபாரோடும் தென் கன்னடத்தோடும் சேர்த்து ‘வெஸ்ட் கோஸ்ட்’ என்ற தலைப்பின் கீழ் உட்கார வைத்துவிட்டார்கள். ஏழாயிரம் அடி உயரத்தில் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தவர்கள், தங்களுக்கே தெரியாமல் கடலோரவாசிகள் ஆனார்கள். கோயம்புத்தூருக்கு நடந்தது இன்னும் விசேஷம். அங்கிருந்து பக்கத்துக் கடல் பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் புறம், மேற்கே. அறிக்கையிலோ அது கிழக்குக் கடற்கரை, மத்தியப் பிரிவு. கடலே இல்லாத சேலமும் அதே பிரிவில்தான். இதற்கு ‘இயற்கை’ என்று பெயர் வைத்ததற்காக இயற்கை மானநஷ்ட வழக்குப் போடாததுதான் மிச்சம்.

துரைமார் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. மழை, மண், விளைச்சல் ஒத்துப்போகிற இடங்களைச் சேர்த்து வைத்தால் ஜனத்தொகை ஏறுவதையும் இறங்குவதையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்பது யோசனை. ஆனால் பிரிக்கும்போது மாவட்டத்தை உடைக்கக் கூடாது. மாவட்டமோ மழையைப் பார்த்துப் பிறந்ததல்ல. எந்த நவாப் எந்த வருஷம் எந்தக் கடனுக்கு எதை எழுதிக் கொடுத்தார், எந்தப் போரில் எது கைமாறியது என்பதைப் பார்த்துப் பிறந்தது. அதன் தலையில் இயற்கையை ஏற்றினால் ஊட்டியில் அலை அடிக்கத்தான் செய்யும்.

அந்த அறிக்கையின் அட்டவணையில் எனக்கு மிகவும் பிடித்த ஜில்லா அஞ்சுதெங்கு. திருவிதாங்கூர் கரையில், மிளகு வாங்குவதற்காகக் கும்பெனிக்காரர்கள் கோட்டை கட்டிக் குடியேறிய இடம். மொத்தப் பரப்பு ஒரு சதுர மைல்கூடத் தேறாது. 1906-இல் அதை மலபாரிலிருந்து கழற்றித் தனி மாவட்டமாக்கினார்கள். ஆக 1911 அட்டவணையில் முப்பது லட்சம் பேருள்ள மலபாருக்கு அடுத்த வரியில், சில ஆயிரம் பேருள்ள அஞ்சுதெங்கு சரிக்குச் சமமாக நிற்கிறது. 1927-இல் அதைத் திருநெல்வேலியோடு ஒட்டினார்கள். நெல்லை அதிகாரி ஒருவர் தன் சொந்த ஜில்லாவின் அந்தத் துண்டைப் பார்க்க வேண்டுமென்றால் இன்னொரு மகாராஜாவின் ராஜ்யத்தைத் தாண்டிப் போக வேண்டும்.

இந்தக் கூத்துக்கெல்லாம் முன்னோடி, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை கர்ணங்களை, அதாவது கிராமக் கணக்கர்களை வைத்து எடுத்த கணக்கு. 1866-67 கணக்கில் மாகாணத்தில் சுமார் 2 கோடியே 65 லட்சம் பேர். 1871-இல் கொஞ்சம் ஒழுங்காக எண்ணிப் பார்த்தால் 3 கோடியே 12 லட்சம். இடையில் ஐந்தே வருஷம். மாகாணமே ராப்பகலாக உழைத்திருந்தாலும் இத்தனை பிள்ளை பிறந்திருக்காது. முந்தைய கணக்கில் கர்ணம் திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

1871-இன் அறிக்கையை எழுதியவர் கார்னிஷ் என்ற டாக்டர், மாகாண சுகாதாரக் கமிஷனர். 1876-78 பஞ்சத்தில், நிவாரண வேலை செய்கிறவனுக்கு நாளைக்கு ஒரு ராத்தல் தானியம் போதும் என்று சர்க்காரின் பஞ்சப் பிரதிநிதி சர் ரிச்சர்ட் டெம்பிள் சொன்னபோது, போதாது என்று மல்லுக்கட்டியவரும் இவர்தான். அடுத்த கணக்கு 1881-இல் வந்தது. 3 கோடியே 8 லட்சம். பத்து வருஷத்தில் ஏற வேண்டிய எண்ணிக்கை இறங்கியிருந்தது. இந்த இடத்தில் எனக்கு நக்கல் வரவில்லை, மேலே போகிறேன்.

1881 பிப்ரவரி 17, கிட்டத்தட்ட இந்தியா முழுவதையும் ஒரே இரவில் எண்ணுவதென்று குறித்த நாள். அதற்காக நாட்டையே கூறு போட்டார்கள். சில பத்து வீடுகள் சேர்ந்தால் ஒரு பிளாக், அதற்கு ஓர் எண்ணுகிறவர். பத்துப் பதினைந்து பிளாக் சேர்ந்தால் ஒரு சர்க்கிள், அதற்கு ஒரு மேற்பார்வையாளர். சர்க்கிள்கள் சேர்ந்தால் ஒரு சார்ஜ், பெரும்பாலும் ஒரு தாலுகா, அதன் தலையில் தாசில்தார். ரயில்வேக்குத் தனி ஏற்பாடு, பட்டாளத்துக்குத் தனி ஏற்பாடு. அடிமட்டத்தில் வேலை செய்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்குச் சம்பளம் கிடையாது. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் சூரியன் மறையாது என்பார்கள், கஜானாவும் திறக்காது.

எண்ணுவதற்கு முன்னால் ஒவ்வொரு வீட்டுக்கும் தாராலோ காவியாலோ எண் போட்டார்கள். ஜனங்கள் உடனே உஷார் ஆனார்கள். சர்க்கார்காரன் சும்மா வந்து சுவரில் கிறுக்குவானா? எண் போடுவது வரி போடத்தான் என்று ஊர் முழுக்கப் பேச்சு. பட்டாளத்துக்கு ஆள் பிடிக்க என்று இன்னொரு கட்சி. இல்லவே இல்லை, எண்ணுவதற்கும் வரிக்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது என்று அதிகாரிகள் சத்தியம் செய்தார்கள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு இரவைப் பௌர்ணமியை ஒட்டி, நிலா வெளிச்சத்துக்காகவே தேர்ந்தெடுத்தார்கள். சில வாரம் முன்பே கருப்பு மையில் எல்லாரையும் எழுதி வைத்துக்கொண்டு, குறித்த ராத்திரியில் சிவப்பு மையோடு மறுபடி கிளம்ப வேண்டும். செத்தவர்களை அடிப்பது, பிறந்ததைச் சேர்ப்பது, திண்ணையில் படுத்திருக்கும் விருந்தாளியை எழுப்பி ஊர் கேட்பது. அன்றைக்கு எங்கே தூங்குகிறாயோ அதுதான் உன் ஊர். மாமியார் வீட்டுக்குப் போனவன் மாமியார் ஊர்க் கணக்கு. ரயிலில் போகிறவனை வழியில் நிறுத்தி எண்ணினார்கள். இந்தச் சிவராத்திரி 1931 வரைக்கும் நடந்தது. அந்த வருஷம் காங்கிரஸ்காரர்கள் கணக்கையே பகிஷ்கரித்தார்கள். வெள்ளைக்காரனுக்கு உப்பும் தரமாட்டோம், பெயரும் தரமாட்டோம் என்று. 1941-இல் ஒரே ராத்திரிக் கணக்கைக் கைவிட்டார்கள். மனிதர்கள் தூங்கினார்கள்.

சுதந்திரம் வந்ததும் துரைமார் போனார்கள், கோடுகள் இருந்தன. புதிதாக வந்த தலைவலி, எது ஊர், எது நகரம் என்பது. வெள்ளைக்காரன் காலத்தில் சென்சஸ் சூப்பரின்டென்டென்டுக்கு டவுன் மாதிரித் தெரிந்தால் டவுன். 1961-இல் கறாரான விதி வந்தது. நகராட்சி, பேரூராட்சி என்ற பட்டம் இல்லாவிட்டால் 5,000 பேர் இருக்க வேண்டும், நெருக்கமாக வாழ வேண்டும் (இன்றைய கணக்கில் சதுர கிலோமீட்டருக்கு 400 பேர்), உழைக்கும் ஆண்களில் முக்கால்வாசிப் பேர் விவசாயத்தை விட்டிருக்க வேண்டும். பெண்கள் எந்த வேலை செய்தாலும் ஊர் நகரமாகாது. வயலில் நாற்று நட்டுக்கொண்டிருக்கும் மனைவியை விட்டுவிட்டுக் கணவன் மில்லுக்குப் போனால் போதும், நாகரிகம் வந்துவிட்டது.

இப்படித் தேறியவற்றுக்கு ‘சென்சஸ் டவுன்’ என்று பெயர். தமிழ்நாட்டில் 2001-இல் 111, 2011-இல் 376. சென்சஸ் நகரம் என்று சொல்லும், மாநில அரசு ஊராட்சி என்று சொல்லும், அங்கே குடியிருப்பவர் தெருவிளக்கு எரியவில்லை என்பார். இதற்கு நடுவில் தமிழக அரசு 2004-இல் ஒரு அபார வேலை செய்தது. கிராமங்களுக்குத்தான் மத்திய அரசின் நிதி வகைவகையாக வருகிறது என்று கண்டுபிடித்து, 500-க்கும் மேற்பட்ட பேரூராட்சிகளை ஒரே ஆணையில் சிறப்புக் கிராம ஊராட்சிகள் ஆக்கியது. ராத்திரி நகரத்தில் படுத்தவர்கள் காலையில் கிராமத்தில் எழுந்தார்கள்; வீடு மாறவில்லை. 2006-இல் ஆட்சி மாறியதும் எல்லாம் மறுபடி பேரூராட்சி. 2001-க்கும் 2011-க்கும் நடுவில் நடந்ததால் சென்சஸ் இதைக் கண்ணால் பார்க்கவே இல்லை. பத்து வருஷத்துக்கு ஒருமுறை வரும் சித்தப்பாவுக்கு இடையில் வீட்டில் நடந்த சண்டை எப்படித் தெரியும்?

மாவட்டம் இன்னும் மோசம். 1961-இல் 13 இருந்தது, 1991-இல் 21, 2011-இல் 32, இன்று 38. போதாததற்குப் பெயர் மாற்றம். 1991 புத்தகத்தில் சிதம்பரனார், காமராஜர், நெல்லை கட்டபொம்மன் என்று மாவட்டங்கள் வரிசையாக நிற்கும். 1997-இல் சாதிக் கலவரங்களைத் தொடர்ந்து தலைவர்கள் எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். 2001 புத்தகத்தில் அவர்கள் இல்லை, தூத்துக்குடியும் விருதுநகரும் திருநெல்வேலியும் இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட உட்கார்கிற ஆராய்ச்சி மாணவருக்கு முதல் வேலை புள்ளிவிவரம் அல்ல, துப்பறிதல்.

அதனால்தான் எண்ணுவதற்கு முன்னால் எல்லைகளை உறைய வைக்கிறார்கள். குறித்த தேதிக்குப் பிறகு யாரும் மாவட்டம், தாலுகா, வார்டு எதையும் தொடக் கூடாது. 2021 கணக்குக்காக 2019 டிசம்பர் 31 என்று கெடு வைத்தார்கள். தமிழ்நாடு பந்தியில் கடைசி வரிசைக்கு ஓடுவதுபோல அந்த வருஷமே ஐந்து மாவட்டங்களை உருவாக்கியது. பிறகு கொரோனா வந்தது, கெடு தள்ளிப்போனது, தள்ளிக்கொண்டே போனது. மயிலாடுதுறையும் சாவகாசமாக 2020-இல் வந்து சேர்ந்தது. 2021-இன் கணக்கு 2027-க்குப் போனது. எல்லை உறையும் தேதியும் 2025 டிசம்பர் 31 ஆனது.

எண் போடும் வரிசையும் ஒரு தனி சாஸ்திரம். வாஸ்துக்காரர் ஈசானிய மூலையைப் பிடித்தால் சென்சஸ்காரர் வாயு மூலையைப் பிடிப்பார். நாட்டுக்கும் வடமேற்கிலிருந்துதான் எண் தொடங்கும். 2011-இல் ஜம்மு காஷ்மீர் 01, அப்படியே வளைந்து நெளிந்து இறங்கி வந்தால் கேரளம் 32, தமிழ்நாடு 33, புதுச்சேரி 34, கடைசியில் அந்தமான் 35. அட்டவணையில் வரிசை தவறாமல் இருக்க வைத்த எண், அவ்வளவுதான்.

2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது மாநிலங்களுக்கு எண் தேவைப்பட்டது. புதிதாக யோசிக்க யாருக்கும் தோன்றவில்லை, சென்சஸ் எண்ணையே எடுத்துக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் எந்த ஓட்டல் பில்லை வேண்டுமானாலும் பாருங்கள், ஜிஎஸ்டி எண் 33 என்றுதான் தொடங்கும். 1881-இல் வாசல் சுவரில் தார் எண்ணைப் பார்த்து, இது வரிக்குத்தான் என்று அடித்துச் சொன்ன கிழவருக்கு அன்றைக்குக் கிடைத்தது ஏச்சு.